ஜே.பி. ப்ரீஸ்ட்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜே.பி. ப்ரீஸ்ட்லி?

முழுப் பெயர் ஜான் பாய்ன்டன் ப்ரீஸ்ட்லி. 1894 செப்டம்பர் 13 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள பிராட்ஃபோர்டில் பிறந்தார். 1984 ஆகஸ்ட் 14 அன்று, தொண்ணூறு வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். நாவல், நாடகம், கட்டுரை, பயண நூல், இலக்கிய வரலாறு, திரைக்கதை என எழுதியவை நூறு புத்தகங்களைத் தாண்டும். ஆர்தர் ப்ளிஸ் இசையமைத்த ‘தி ஒலிம்பியன்ஸ்’ என்ற ஆப்பெராவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் போக, 1940இல் பிரிட்டன் முழுக்க வீடு வீடாகக் கேட்ட வானொலிக் குரல் இவருடையது.

இப்படி எல்லாவற்றிலும் கை வைத்தவர் எதிலும் ஆழமாகப் போயிருக்க மாட்டார் என்று நினைப்பது எளிது. அவர் காலத்து விமர்சகர்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிவம் மாறிக்கொண்டே இருந்தாலும் அவர் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் ஒன்றுதான். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மனிதர்கள் கொஞ்ச காலம் ஒன்றாக இருக்க நேர்ந்தால் என்ன ஆகும், அந்தக் கூட்டு உடைந்தால் என்ன மிஞ்சும் என்பது. கீழே வரும் பதில்களில் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் ப்ரீஸ்ட்லி இவர்தானா?

இல்லை. அவர் ஜோசப் ப்ரீஸ்ட்லி, 18ஆம் நூற்றாண்டுக்காரர். அவரும் யார்க்‌ஷயரில் பிறந்தவர் என்பதால் குழப்பம் வருவது இயல்பு.

பிராட்ஃபோர்டு அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

அப்போது அது உலகக் கம்பளி வணிகத்தின் தலைநகரங்களில் ஒன்று. ஆலைப் புகை, கறுத்த கல் கட்டடங்கள், டிராம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எட்டிவிடக்கூடிய பொட்டல் மேட்டுநிலங்கள். கம்பளி வாங்கவும் விற்கவும் வந்து அங்கேயே தங்கிவிட்ட ஜெர்மானிய, யூத வணிகக் குடும்பங்களும் ஊரில் நிறைய. அதனால் ஒரு தொழில்நகரத்தில் எதிர்பார்க்க முடியாத அளவுக்குக் கச்சேரிகளும் நாடகங்களும் நடந்தன. இசையமைப்பாளர் டீலியஸ் அந்த ஊரில், அப்படி ஒரு ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

ப்ரீஸ்ட்லியின் அப்பா பள்ளி ஆசிரியர். ப்ரீஸ்ட்லி கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்வான் ஆர்கேட் என்ற கட்டடத்தில் இருந்த ஒரு கம்பளி நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வேலையில் மனம் ஒட்டவில்லை. உள்ளூர்த் தொழிற்கட்சி வார இதழான ‘பிராட்ஃபோர்டு பயனியர்’ பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தார், அதுவும் காசு வாங்காமல். நாவல்களில் வரும் ‘பிரடர்ஸ்ஃபோர்டு’ இந்த ஊர்தான், பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றியிருப்பார்.

முதல் உலகப் போரில் அவர் கலந்துகொண்டாரா?

போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1914 செப்டம்பரில், தானாகப் போய்ச் சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிரான்ஸில் பதுங்குகுழிகளில் இருந்தார். 1916இல் அருகே விழுந்து வெடித்த குண்டில் மண்ணோடு புதைந்து, காயத்தோடு மீட்கப்பட்டார். குணமாகித் திரும்பியபோது அதிகாரியாக்கப்பட்டார். பின்னர் விஷவாயுவிலும் சிக்கினார். 1919இல்தான் சீருடையைக் கழற்றினார்.

ஒரே ஊர்ப் பையன்களை ஒரே படைப்பிரிவில் சேர்த்த காலம் அது. 1916 ஜூலையில் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிராட்ஃபோர்டு இளைஞர்கள் கூட்டமாகச் செத்தார்கள், அதில் அவருடைய நண்பர்களும் அடக்கம். இதைப் பற்றி அவர் நேரடியாக நாவல் எதுவும் எழுதவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, ‘மார்ஜின் ரிலீஸ்ட்’ (1962) என்ற நினைவுக் குறிப்பு நூலில்தான் விரிவாகப் பேசினார். அவருடைய சிறந்த உரைநடை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

எழுத்தாளராக எப்படிப் பிழைக்கத் தொடங்கினார்?

முன்னாள் அதிகாரிகளுக்கான உதவித்தொகையில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹாலில் படித்தார். 1922இல் பாட் என்ற தன் மனைவியோடு லண்டன் வந்தார். பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதி படித்துச் சொல்வது, நூல் மதிப்புரை, வாரக் கட்டுரை, இலக்கியத் திறனாய்வு என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். செய்தாக வேண்டிய நிலைமை. கைக்குழந்தைகள் ஒருபக்கம், மனைவிக்குப் புற்றுநோய் இன்னொரு பக்கம். 1925இல் அவர் இறந்துவிட்டார்.

‘பல துறை வித்தகர்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வாடகை, மருத்துவச் செலவுக் கணக்கும் இருந்தது. குறித்த நேரத்தில் குறித்த அளவுக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான், கடைசிவரை போகவில்லை.

‘தி குட் கம்பானியன்ஸ்’ நாவலுக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு?

முதலில், அது எழுதப்பட்டதே ஒரு நட்பால்தான். அறுநூறு பக்கத்தைத் தாண்டும் ஒரு நாவலை உட்கார்ந்து எழுத ப்ரீஸ்ட்லியிடம் பணமில்லை. அப்போது பெரும்புகழோடு இருந்த நாவலாசிரியர் ஹ்யூ வால்போல், தன்னோடு சேர்ந்து கடித வடிவில் ஒரு நாவல் எழுத அழைத்தார். வால்போலின் பெயருக்காகக் கிடைத்த முன்பணத்தில் ப்ரீஸ்ட்லிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்தக் கூட்டு நாவலை இன்று யாரும் தேடுவதில்லை. அது வாங்கிக் கொடுத்த நேரத்தில் எழுதப்பட்டு 1929இல் வெளிவந்த ‘தி குட் கம்பானியன்ஸ்’ ஊரெல்லாம் விற்றது, ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் பெற்றது.

கதை எளிமையானது. வேலை போன ஒரு ஆலைத் தச்சர், கொஞ்சம் சொத்து கைக்கு வந்த ஒரு கர்னலின் மகள், பியானோ வாசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியர், மூவரும் தனித்தனியாக வீட்டையும் வேலையையும் விட்டுக் கிளம்புகிறார்கள். நிர்வாகி பணத்தோடு ஓடிவிட்டதால் நடுவழியில் நிற்கும் ஒரு பாட்டு-நகைச்சுவைக் குழுவைச் சந்திக்கிறார்கள். அந்தக் கர்னல் மகள், மிஸ் ட்ரான்ட், கடனை அடைத்துக் குழுவை எடுத்து நடத்துகிறார். அப்புறம் ஊர் ஊராகப் பயணம்.

முதல் சில பக்கங்களை மட்டுமாவது படியுங்கள். மலைத்தொடரின் உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும் பார்வை, கால்பந்து ஆட்டம் முடிந்து வெளியேறும் தொப்பிகளின் வெள்ளத்தில் வந்து நிற்கும். ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே போன தொழிலாளி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஆலையையும் கடனையும் மறந்து, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாதவனுக்குச் சகோதரனாகிறான் என்பார். கால்பந்து பற்றி ஆங்கில நாவலில் வந்த மிக நல்ல பக்கங்களில் இது ஒன்று. ப்ரீஸ்ட்லியின் மொத்த எழுத்துக்கும் முன்னுரையாகவும் வைக்கலாம்.

நாவலில் இனிப்பு தூக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வெளிவந்து சில மாதங்களில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் பரவியது. அந்த நேரத்தில் மக்கள் ஏன் இதை வாரிக் கொண்டார்கள் என்பதில் புதிர் எதுவும் இல்லை.

அடுத்த நாவலும் அதே பாணியா?

‘ஏஞ்சல் பேவ்மென்ட்’ (1930) கிட்டத்தட்ட நேரெதிர். லண்டனில் மரப் பூச்சுத் தகடுகள் விற்கும் ஒரு சின்ன அலுவலகம். பால்டிக் பக்கமிருந்து கோல்ஸ்பி என்ற ஒருவர் வருகிறார், வியாபாரம் கொழிக்கிறது, பிறகு அத்தனை பேரையும் தெருவில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறார். கணக்குப் பிள்ளை ஸ்மீத், வேலை போய்விடுமோ என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டே ஒழுங்காக வேலை பார்க்கும் மனிதர், மறக்க முடியாத பாத்திரம். முந்தைய நாவலின் ரசிகர்கள் கொஞ்சம் ஏமாந்திருப்பார்கள். எனக்கு இதுதான் மேல்.

‘இங்கிலிஷ் ஜர்னி’ பயண நூலா, அரசியல் நூலா?

இரண்டும்தான். 1933 இலையுதிர் காலத்தில் சவுத்தாம்ப்டனுக்குப் பேருந்தில் கிளம்பி, பிரிஸ்டல், கோவென்ட்ரி, பர்மிங்காம், பிராட்ஃபோர்டு, லங்காஷயர், டைன் நதிக்கரை, நாரிச் என்று சுற்றி வந்து எழுதினார். 1934இல் புத்தகம் வந்தது.

கடைசியில் தான் மூன்று இங்கிலாந்துகளைப் பார்த்ததாகச் சொல்கிறார். தேவாலயங்களும் பண்ணை வீடுகளும் உள்ள பழைய நாடு. நிலக்கரியும் இரும்பும் ஆலையும் கட்டிய 19ஆம் நூற்றாண்டு நாடு. பெட்ரோல் நிலையங்கள், சினிமா கொட்டகைகள், நடன அரங்குகள் கொண்ட புதிய நாடு. அப்புறம், இந்த மூன்றுக்கும் நடுவே, அரசு உதவித்தொகை வரிசையில் நிற்கும் மக்களின் இன்னொரு இங்கிலாந்து. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஜாரோ ஊரில் தெருமுனைகளில் ஆண்கள் சும்மா நிற்பதைப் பார்த்து எழுதிய பக்கங்களில் கோபம் அடங்கவில்லை.

என்னை அதிகம் தைத்தது பிராட்ஃபோர்டில் நடந்த பழைய படைப்பிரிவு விருந்து. கூடப் போரிட்டவர்களில் சிலர் அந்த விருந்துக்கு வரவில்லை. போட்டுக்கொண்டு வர நல்ல உடுப்பு இல்லை என்பது காரணம். நாட்டுக்காகச் சாகத் தயாராக இருந்தவனுக்கு நாடு ஒரு கோட்டுகூட மிச்சம் வைக்கவில்லையே என்ற ஆத்திரம்தான் ஆறு ஆண்டு கழித்து வானொலியில் வேறு தொனியில் வெளிவந்தது.

இந்த நூலுக்குக் கிடைத்த வாசகர்களைப் பார்த்த பிறகுதான் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலை வட இங்கிலாந்தின் நிலக்கரி ஊரான விகன் பக்கம் அனுப்பினார் என்பார்கள். ஆர்வெலின் நூல் இன்று அதிகம் பேசப்படுகிறது. மனிதர்களிடம் உட்கார்ந்து பேசுவதில் ப்ரீஸ்ட்லியே கெட்டிக்காரர்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்? ‘கால நாடகங்கள்’ என்றால் என்ன?

சொந்தமாக எழுதிய முதல் நாடகம் ‘டேஞ்சரஸ் கார்னர்’ (1932). ஆரம்ப விமர்சனங்கள் மோசம். நாடகத்தை எடுத்துவிட முடிவு செய்தார்கள். ப்ரீஸ்ட்லி தானே பொறுப்பேற்று ஓட்டினார், ஆறு மாதம் ஓடியது.

ஒரு வீட்டில் விருந்து. யாரோ யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உண்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, கடைசியில் துப்பாக்கிச் சத்தம். விளக்கு அணைந்து எரிகிறது. அதே விருந்து, அதே பேச்சு. இந்த முறை வானொலிப் பெட்டியில் நடன இசை சரியாகப் பிடிபட்டுவிடுகிறது. எல்லோரும் ஆடப் போய்விடுகிறார்கள். உண்மை உள்ளேயே புதைந்துவிடுகிறது. வானொலியில் பின்னாளில் பெயர் வாங்கப் போகிறவர் தன் முதல் நாடகத்தின் முடிவையே ஒரு ரேடியோ குமிழில் வைத்திருக்கிறார் பாருங்கள்.

‘டைம் அண்ட் தி கான்வேஸ்’ (1937) இதைவிட நுட்பமானது. முதல் அங்கம் 1919, மகள் கேயின் இருபத்தொன்றாவது பிறந்தநாள், போர் முடிந்த உற்சாகம். இரண்டாம் அங்கம் 1937, அதே குடும்பம் சிதைந்து கிடக்கிறது. மூன்றாம் அங்கம் மறுபடி 1919க்கே திரும்புகிறது. இப்போது அவர்கள் சிரித்துச் சிரித்துப் போடும் ஒவ்வொரு திட்டமும் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். ஒரு மாயமும் இல்லாமல், காட்சிகளின் வரிசையை மாற்றியே இதைச் சாதித்தார்.

காலம் ஒரே திசையில் ஓடும் கோடு கிடையாது என்ற ஜே.டபிள்யூ. டன்னின் கோட்பாடு இந்த நாடகத்துக்கு அடிப்படை. அதே ஆண்டு வந்த ‘ஐ ஹேவ் பீன் ஹியர் பிஃபோர்’ ரஷ்யச் சிந்தனையாளர் உஸ்பென்ஸ்கி சொன்ன, வாழ்க்கை திரும்பத் திரும்ப நிகழும் என்ற கருத்தை எடுத்துக்கொண்டது. கோட்பாடுகளை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை, நாடகங்கள் அவை இல்லாமலும் நிற்கும்.

முழு நகைச்சுவை வேண்டுமென்றால் ‘வென் வி ஆர் மேரிட்’ (1938). கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டு ஆன மூன்று தம்பதிகளுக்கு, தங்கள் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தெரியவருகிறது. இதில் குடிகாரப் புகைப்படக்காரராக நடித்தவர் விபத்தில் சிக்கியபோது, ப்ரீஸ்ட்லியே சில நாள் மேடையேறி அந்த வேடத்தைப் போட்டார்.

‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ முதலில் ரஷ்யாவில் அரங்கேறியது உண்மையா?

உண்மை. 1944-45 குளிர்காலத்தில் வேகமாக எழுதி முடித்தார். லண்டனில் உடனே அரங்கு கிடைக்கவில்லை. பிரதி ரஷ்யாவுக்குப் போனது. 1945இல் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் நடித்தார்கள். லண்டனில் 1946 அக்டோபரில்தான் மேடையேறியது. ரால்ஃப் ரிச்சர்ட்சன் இன்ஸ்பெக்டர், மகன் எரிக்காக அலெக் கின்னஸ்.

கதை 1912இல் நடக்கிறது. ஆலை முதலாளி பர்லிங் வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து. போர் வரவே வராது, டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று அவர் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடிக்கிறது. கூல் என்ற இன்ஸ்பெக்டர். ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினியைக் குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அந்த வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அந்தச் சாவில் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. முடிவைச் சொல்லமாட்டேன். தெரியாதவர்கள் தெரியாமலே படிப்பதுதான் நல்லது.

1912இன் கதையை 1945இன் பார்வையாளர்களுக்குச் சொன்னதுதான் இதன் சூட்சுமம். இரண்டு உலகப் போர்களையும் கடந்து வந்தவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து பர்லிங்கின் நம்பிக்கையைக் கேட்கிறார்கள். நாம் யாரும் தனித்து வாழவில்லை, ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று இன்ஸ்பெக்டர் கடைசியில் சொல்வது பிரசங்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு துப்பறியும் கதையின் பிடியில் நம்மை இறுக்கி வைத்துவிட்டுத்தான் பிரசங்கம் செய்கிறார்.

வங்காளத்தில் இந்தக் கதை ‘தானா தேகே ஆஷ்சி’ (1965) என்று படமானது, இன்ஸ்பெக்டராக உத்தம் குமார். இங்கிலாந்தில் இது பள்ளிப் பாடநூலாகித் தேய்ந்துபோயிருந்த நேரத்தில், 1992இல் இயக்குநர் ஸ்டீஃபன் டால்ட்ரி லண்டன் நேஷனல் தியேட்டரில் அதைப் புரட்டிப் போட்டார். பர்லிங் வீடு மேடையில் கால்கள் மேல் நிற்கும், கடைசியில் கவிழும். அந்த அரங்கேற்றம்தான் நாடகத்துக்கு இரண்டாவது ஆயுள் கொடுத்தது.

வானொலிக்கு எப்போது வந்தார்?

போருக்கு முன்பே. 1932இல் மேட்டிமை ரசனைக்காரர்களைச் சீண்டி பிபிசியில் ஒரு உரை நிகழ்த்தினார். எழுத்தாளர் ஹெரால்டு நிக்கல்சன் அடுத்து வந்து மறுதரப்பைப் பேசினார். இதையெல்லாம் பார்த்துக் கடுப்பான நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப், நடுத்தர ரசனையைக் கிழித்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமலே வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது கட்டுரையாக அச்சானது. தன் நாட்குறிப்பில் ப்ரீஸ்ட்லியை எழுத்து வியாபாரி என்ற ரீதியில் அவர் குறித்ததும் உண்டு.

1939இல் ‘லெட் தி பீப்பிள் சிங்’ என்ற நாவலை வானொலியில் தொடராக வாசிப்பதற்கென்றே எழுதினார். முதல் பகுதியை அவரே வாசிக்க ஒதுக்கியிருந்த நாள் செப்டம்பர் 3. அன்றுதான் பிரிட்டன் போர் அறிவித்தது.

‘போஸ்ட்ஸ்கிரிப்ட்ஸ்’ என்றால் என்ன? அதில் என்னதான் பேசினார்?

இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் வரும் சிறு உரைகள். ப்ரீஸ்ட்லியின் முதல் உரை 1940 ஜூன் 5, புதன்கிழமை. பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை மீட்டு முடித்த மறுநாள். அதன் பிறகு ஞாயிறுதோறும், அக்டோபர் 20 வரை. உச்சத்தில் ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் வரை கேட்டதாகக் கணக்கு. சர்ச்சிலுக்கு மட்டும்தான் அதைவிடக் கூட்டம்.

டன்கர்க் பற்றிப் பேச வந்தவர் போர்க்கப்பல்களை விட்டுவிட்டு, கோடை விடுமுறையில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன உல்லாசப் படகுகளைப் பற்றிப் பேசினார். ஹாம் சாண்ட்விச்சும் மிட்டாயும் கடற்கரைக் கோமாளிகளும் உள்ள அபத்தமான ஒரு உலகம், அங்கிருந்து கிளம்பி இவை குண்டுகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் நடுவே போயின. வைட் தீவுக்கு ஓடிய ‘கிரேசி ஃபீல்ட்ஸ்’ என்ற படகு திரும்பவில்லை. அவர் வீடு அப்போது அந்தத் தீவில்தான் இருந்தது. எத்தனையோ முறை அவரை ஏற்றிச் சென்ற படகு அது.

பேச்சின் வேலைப்பாட்டைக் கவனியுங்கள். தோல்வியிலிருந்து பின்வாங்கியதைத்தான் சொல்கிறார். முட்டாள்தனத்தில் தொடங்கியது என்றே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கேட்கிறவர் ஒவ்வொருவரும் எப்போதோ ஏறிய படகு அது. சொந்தச் சிரிப்பும் சொந்தத் துக்கமும் ஒரே பொருளில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இன்னொரு நாள் ஒரு குளத்தில் குஞ்சுகளோடு நீந்தும் வாத்தைப் பற்றி. இன்னொரு நாள் ஊர்க்காவல் படையினரோடு குன்றின் மேல் இரவுக் காவல் இருந்தது பற்றி. செப்டம்பரில், குண்டுவீச்சுக்குப் பிறகு பிராட்ஃபோர்டு போனவர், தன் சிறுவயதிலிருந்தே ஒரு கடை ஜன்னலில் ஆவி விட்டுக்கொண்டிருந்த பிரம்மாண்டமான இறைச்சிப் ‘பை’ (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) இன்னும் ஆவி விடுகிறதா என்று போய்ப் பார்த்ததைச் சொன்னார். விட்டுக்கொண்டுதான் இருந்தது. சாப்பாட்டுப் பண்டத்தைப் பற்றி இவ்வளவு விளக்கமா என்று யாரும் கேட்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் வாத்தையும் அந்தப் பையையுமே நினைவுகூர்ந்தார்கள். அது அவருக்குச் சற்று எரிச்சல். இரண்டு பத்தாண்டு உழைத்து எழுதிய நாடகங்களை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்கிறார்களே என்று.

குரலும் முக்கியம். பிபிசி அறிவிப்பாளர்கள் எல்லோரும் மேல்தட்டு உச்சரிப்பில் பேசிய காலத்தில், இவர் தன் யார்க்‌ஷயர் உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசும் மாமா மாதிரி இருந்தது. வட அமெரிக்காவுக்கும் தனியாக ஒலிபரப்புச் செய்தார். அப்போது நடுநிலை வகித்த அமெரிக்காவில் பிரிட்டன் மீது அனுதாபம் வளர அதுவும் ஒரு காரணம்.

அந்த உரைகளை நிறுத்தியது சர்ச்சிலா?

ஆவணத்தை வைத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் யார் எரிச்சலடைந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஜூலையில் ஒரு உரையில், தன் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய தோட்டத்தோடு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் அமெரிக்கா போய்விட்டார் என்றார். சொத்து என்ற கோணத்தில் அவருக்கு உரிமை உண்டு, சமூகம் என்ற கோணத்தில் பார்த்தால் அந்த இடம் இப்போது எத்தனை பேருக்குப் பயன்படும் என்று கேட்டார். போர் முடிந்ததும் 1919ஐப் போல வீரர்களை ஏமாற்றி அனுப்பக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார். கன்சர்வேடிவ் கட்சியினர் கொதித்தார்கள்.

1941 தொடக்கத்தில் இன்னொரு சுற்று வந்தது, சில வாரத்திலேயே முடிந்துவிட்டது. பிபிசியைக் கேட்டால் தகவல் அமைச்சகம் என்றும், அமைச்சகத்தைக் கேட்டால் பிபிசி என்றும் தனக்குப் பதில் வந்ததாக ப்ரீஸ்ட்லி பின்னர் எழுதினார். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1945 தேர்தலில் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றதற்கான மனநிலை உருவானதில் இந்த உரைகளுக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

கிரஹாம் கிரீனோடு என்ன சண்டை?

1932இல் நாவலாசிரியர் கிரீனின் ‘ஸ்டாம்பூல் டிரெயின்’ வெளிவரத் தயாராக இருந்தது. அதில் வரும் பிரபல நாவலாசிரியர் பாத்திரம் தன்னைக் குறித்தது என்று ப்ரீஸ்ட்லி அவதூறு வழக்கு மிரட்டல் விடுத்தார். அச்சாகிக் கட்டும் போட்ட 13,000 பிரதிகளில் பக்கங்களைப் பிய்த்து மாற்ற வேண்டியதாயிற்று. இருவருக்கும் ஒரே பதிப்பகம் ஹைனமன். அதிகம் விற்கும் எழுத்தாளர் பக்கமே பதிப்பகம் நின்றது.

அதே கிரீன்தான், டன்கர்க்குக்குப் பிந்தைய மாதங்களில் சர்ச்சிலுக்கு அடுத்த தலைவராக ப்ரீஸ்ட்லி இருந்தார் என்று எழுதினார். பகையை மறந்தாரா என்பது வேறு விஷயம். பாராட்டு பாராட்டுதான்.

அவர் கம்யூனிஸ்டா?

இல்லை. கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத சோஷலிஸ்ட் எனலாம். 1942இல் தொடங்கிய காமன் வெல்த் கட்சியில் ஆரம்பத்தில் இருந்து, விரைவிலேயே விலகினார். 1945இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். சோவியத் நாட்டின் மீது அவருக்குக் கொஞ்ச காலம் இருந்த பரிவைப் பார்த்து, கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று தான் சந்தேகப்பட்டவர்களின் குறிப்பேட்டில் ஆர்வெல் இவர் பெயரையும் எழுதிவைத்தார்.

அரசியலில் அவர் நிஜமாக எதையாவது அசைத்தார் என்றால் அது 1957 நவம்பர் 2 ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழ்க் கட்டுரைதான். பிரிட்டன் தன் அணுகுண்டுகளைத் தானாகக் கைவிட வேண்டும் என்று வாதிட்டார். கடிதங்கள் குவிந்தன. அந்த வேகத்திலிருந்துதான் 1958இல் சிஎன்டி எனப்படும் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கம் பிறந்தது.

சினிமா, தொலைக்காட்சி?

நடிகை கிரேசி ஃபீல்ட்ஸ் (அந்தப் படகுக்கு இவர் பெயர்தான்) நடித்த ‘சிங் ஆஸ் வி கோ’ (1934) படத்துக்குக் கதை எழுதினார். ஹிட்ச்காக்கின் ‘ஜமைக்கா இன்’ படத்துக்குக் கூடுதல் வசனம் எழுதினார். 1927இல் எழுதிய ‘பினைட்டட்’ நாவல் ‘தி ஓல்ட் டார்க் ஹவுஸ்’ என்ற திகில் படமானது. 1963இல் பிபிசியின் ‘மானிட்டர்’ நிகழ்ச்சியில் தோன்றி, காலம் பற்றிய விசித்திர அனுபவங்கள், பின்னால் பலித்த கனவுகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். ஆயிரத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன. அவற்றையும் சேர்த்து ‘மேன் அண்ட் டைம்’ (1964) நூலை எழுதினார்.

ஜாக்வெட்டா ஹாக்ஸ் யார்?

தொல்லியலாளர், எழுத்தாளர், ப்ரீஸ்ட்லியின் மூன்றாவது மனைவி. 1953இல் மணந்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய ‘ஜர்னி டவுன் எ ரெயின்போ’ (1955) நல்ல யோசனை. அவர் நியூ மெக்சிகோவில் பழங்குடி ஊர்களைப் பார்க்கப் போகிறார், இவர் டெக்சாஸின் டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு. இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். விளம்பரமும் நுகர்வும் சேர்ந்து மனிதர்களைக் கும்பலாக்கும் அமைப்புக்கு ‘ஆட்மாஸ்’ என்று ப்ரீஸ்ட்லி பெயர் வைத்தது இந்த நூலில்தான். வானொலிக்கு முன்னால் கூடிய கூட்டத்தை நம்பியவர், தொலைக்காட்சி விளம்பரத்துக்கு முன்னால் கூடிய கூட்டத்தைப் பார்த்து அரண்டுபோனார்.

விருதுகள்?

சர் பட்டத்தையும் பிரபுக்கள் சபை இடத்தையும் மறுத்தார். 1977இல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ மட்டும் ஏற்றுக்கொண்டார்.

எங்கே தொடங்குவது? எதைத் தவிர்க்கலாம்?

ஒரு மாலை நேரம் இருந்தால் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’, அது பிடித்தால் அடுத்து ‘டைம் அண்ட் தி கான்வேஸ்’. நாவல் என்றால் ‘ஏஞ்சல் பேவ்மென்ட்’, அல்லது போருக்கு முந்தைய பிராட்ஃபோர்டைத் திரும்பிப் பார்க்கும் ‘பிரைட் டே’ (1946). தூங்கப் போகும் முன் இரண்டு பக்கம் படிப்பவர்களுக்கு ‘டிலைட்’ (1949). நீரூற்று, படுக்கையில் துப்பறியும் கதை, எங்கும் போகாமல் இருப்பது என்று தன்னை மகிழ்வித்த விஷயங்களை நூற்றுக்கும் மேற்பட்ட குறுங்கட்டுரைகளாக எழுதியிருப்பார். வாழ்நாள் முழுக்க முணுமுணுத்ததற்குப் பிராயச்சித்தம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுவார். ‘இங்கிலிஷ் ஜர்னி’யை அவசரமில்லாமல், ஊர் ஊராகப் படிக்கலாம்.

‘லிட்ரேச்சர் அண்ட் வெஸ்டர்ன் மேன்’ (1960) ஐந்நூறு ஆண்டு மேற்கத்திய இலக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லும் பெரிய நூல். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்த எழுத்தாளரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று புரட்டிப் பார்த்தால் போதும். நாற்பதுகளில் போருக்காக எழுதிய நாவல்களை முதல் சுற்றில் விட்டுவிடலாம். அவற்றில் பாத்திரங்கள் பேசுவதைவிட ப்ரீஸ்ட்லி அதிகம் பேசுகிறார். அதே பேச்சு பத்து நிமிட வானொலி உரையில் கச்சிதமாக இருக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட்ஸ் ஒலிப்பதிவுகளில் சில பிழைத்திருக்கின்றன, டன்கர்க் உரை உட்பட. புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அதைக் காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.